சந்தனம் வைத்த சர்வர்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில், சாரதாமணி காதுபட விண்டோஸ் என்ற சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் போச்சு. கையில் இருக்கும் டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும் பாடம் கேட்க வேண்டியதுதான். குஞ்சுப் பெட்டி ஏற்ற வந்த வேன் டிரைவரையே நிறுத்தி வைத்து, "உங்க போனுக்குள்ள ஓடறது கூட அடியில லினக்ஸ்தானுங்க, தெரியுமா" என்று கேட்டவள் அவள். அந்த மனுஷன் பாவம், தெரியாத்தனமாக ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போல் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து, அஸ்தம்பட்டியில் ஒரு ஆபீஸில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கற்றுக்கொண்டு, பிறகு இந்த ஹேச்சரிக்கு வந்தாள். வந்த வருஷமே ஒரு வைரஸ் புகுந்து இங்கே இருந்த கணினிகளை எல்லாம் பூட்டிவிட்டது. எந்த முட்டை எந்த எந்திரத்தில், என்றைக்குப் பொரியும் என்ற கணக்கு மொத்தமும் போயே போச்சு. முதலாளி சுவாமிநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சாரதாமணிதான் ராப்பகலாக உட்கார்ந்து விண்டோஸை எடுத்துவிட்டு, எல்லா மேசைக் கணினிக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினாள். அதற்கப்புறம் அந்தத் தொல்லை எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கே சுவாமிநாதன் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

"உங்க இஷ்டமுங்கம்மணி. ஆனா இதனால ஒரு நாளைக்குக் குஞ்சு செத்துதுன்னா, எல்லாத்தையும் பழையபடி மாத்திப்போடுவேன். நீங்களும் வேற எடம் பாத்துக்கோணும்."

"பாத்துக்கறேனுங்க" என்று இவளும் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. லீவு நாளில் சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் முகாம் போட்டாள். அப்போது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்திருந்த நேரம். அதில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கும். திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். சாரதாமணி பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, விண்டோஸை வேரோடு அழிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். அழித்து முடித்தவர்கள் கை தூக்க வேண்டும். முதலில் கை தூக்குகிற பிள்ளைக்கு, லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் போட்ட ஸ்டிக்கர் பரிசு. எருமப்பட்டிப் பள்ளியில் முதலில் கை தூக்கியது, ஹேச்சரியில் கூட்டிப் பெருக்கும் பழனியம்மாளின் மகள் சரிதா. அந்தப் பெருமையை சாரதாமணி பழனியம்மாளிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

இவ்வளவு பேசியவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள்.

புதுப் பொரிப்புக் கூடம் கட்டியபோது பொரிக்கும் எந்திரங்களை எல்லாம் ஆட்டி வைக்கும் பெரிய சர்வர் ஒன்று வந்து இறங்கியது. அதற்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். சாரதாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த சர்வரின் டிஸ்க்குகளை மேய்த்துக் கட்டும் கருவி, அதாவது டிஸ்க்கில் கோளாறு வந்தால் பேசிச் சரிக்கட்டும் மென்பொருள், மேசைக் கணினியில் விண்டோஸ் இருந்தால் மட்டுமே ஓடும் என்று சர்வரை விற்ற கம்பெனிக்காரன் எழுதி வைத்திருந்தான். சர்வருக்கு லினக்ஸ் உண்டு, சர்வரைப் பார்த்துக்கொள்பவளின் மேசைக்குக் கிடையாதாம். இது எந்த ஊர் நியாயம் என்று அவள் கம்பெனிக்கு எழுதாத கடிதம் இல்லை. "பரிசீலிக்கிறோம்" என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு காரியம் செய்தாள். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல் ஓட வைக்கும் வழி உண்டு. அப்படி ஒரு விண்டோஸை உருவாக்கி, அதில் அந்தக் கருவியைப் போட்டு வைத்தாள். எங்கே? எந்த மேசையில் வைத்தாலும் யாராவது பார்த்துச் சிரிப்பார்களே. அதனால் அந்த சர்வருக்குள்ளேயே வைத்துவிட்டாள். அவ்வளவு படித்தவளுக்கு, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. வீம்பு என்பது அப்படித்தான் கண்ணைக் கட்டும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று, பொரிப்புக் கூடத்தில் எந்திரம் எந்திரமாகக் குஞ்சு பொரிந்துகொண்டிருந்தது. கோழிக்கு ஆயுத பூஜை எல்லாம் தெரியுமா? முட்டைக்கு நாள் வந்தால் உடையத்தான் செய்யும். காலையில் இருந்தே கழுவுவதும் துடைப்பதுமாக ஹேச்சரி அமளியாக இருந்தது. எப்போதும் பூட்டியே கிடக்கும் சர்வர் அறையை, "இதையும் ஒரு தடவ தொடச்சுருங்கக்கா" என்று பழனியம்மாளிடம் திறந்து கொடுத்துவிட்டு, சாரதாமணி பொரியும் பூவும் வாங்க ஸ்கூட்டரில் கடைவீதிக்குப் போனாள்.

பழனியம்மாள் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தராசைத் துடைத்தாள், ஊசி போடும் எந்திரத்தைத் துடைத்தாள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். சர்வரின் முகப்பில் சின்னச் சின்ன இழுப்பறை மாதிரி வரிசையாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள்தானே, உள்ளே தூசி இருந்தால் சாமி குற்றமாகிவிடுமே. ஒவ்வொன்றாக உருவினாள். தூசி போகத் துடைத்தாள். நெற்றிக்கு வைப்பதுபோல் சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்து, வந்தபடி திரும்பச் செருகினாள். ஓடிக்கொண்டிருந்த சர்வரின் டிஸ்க்குகள் அவை.

சாரதாமணி பூப்பையோடு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அலாரச் சத்தம் கேட்டது. ஹேச்சரியின் மேனேஜர் அர்த்தநாரி எதிரே ஓடி வந்தார்.

"அம்மணி, புதுக் கூடத்துல அத்தனை எந்திரமும் கத்துதுங்க. காத்துப் பலகை எல்லாம் மூடிக்கிச்சு."

சர்வர் அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையாகச் சந்தனப் பொட்டு. பொட்டுக்கு மேலே வரிசையாகச் சிவப்பு விளக்கு. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

டிஸ்க்குகள் சாகவில்லை. திடீரென்று உருவி உருவிச் செருகியதால், தன் டிஸ்க்கையே யாரோ அன்னியனுடையது என்று நினைத்து சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. "இது உன்னுடையதுதான், சேர்த்துக்கொள்" என்று அந்தக் கருவியைக் கொண்டு சொன்னால் போதும், எழுந்துவிடும். திரையிலும் அதையே எழுதிக் காட்டியது. அந்தக் கருவி சர்வருக்குள் இருந்தது.

"எவ்வளவு நேரம் தாங்குமுங்கண்ணா?" என்று கேட்டாள்.

அர்த்தநாரி அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். வெப்பம், ஈரம், காற்று மூன்றுக்கும் சர்வர்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். கையால் ஓட்டினால் விசிறி மட்டும் சுற்றும், வெளிக்காற்றை உள்ளே விடும் பலகை திறக்காது. கதவை மூடி வைத்தால் குஞ்சுகளின் சூடு உள்ளேயே ஏறி மூச்சு முட்டும். திறந்து வைத்தால் ஈரம் போய், பாதி உடைந்த ஓட்டுக்குள் குஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் செத்துப் போகும். ஆட்கள் கதவுக்கு ஒருவராக நின்று, திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். ஈரத் துணியைத் தரையில் விரித்திருந்தார்கள். உள்ளே குஞ்சுகள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு இரைத்தன.

"சாயந்தரம் வரைக்கும் இப்பிடியே போனா ஒண்ணும் மிஞ்சாதுங்க" என்றார் அர்த்தநாரி. "மொதலாளி பூசைக்குக் கெளம்பிட்டாராமா. சேலத்த தாண்டிட்டாரு."

சாரதாமணி கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பையன் நிதானமாகப் பேசினான்.

"உங்க டெஸ்க்டாப்ல என்ன மேடம் இருக்கு?"

"லினக்ஸ்."

"சாரி மேடம். டெஸ்க்டாப் லினக்ஸுக்கு சப்போர்ட் கிடையாது."

"சர்வர்ல ஓடறதே லினக்ஸ்தானுங்களே தம்பி."

"சர்வருக்கு சப்போர்ட் இருக்கு மேடம். டெஸ்க்டாப்புக்குத்தான் இல்ல. இன்னைக்கு லீவு, நாளைக்கு எஞ்சினியர் வருவாரு."

அவள் போனை வைத்துவிட்டு, தன் லேப்டாப்பைத் திறந்தாள். கருவியை நிறுவும் கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. விண்டோஸுக்கு எழுதியதை லினக்ஸில் ஏமாற்றி ஓட்டும் குறுக்கு வழி ஒன்றும் அவளுக்குத் தெரியும். ஓட்டினாள். ஜன்னல் திறந்தது. அவள் உயிர் திரும்பி வந்தது. சர்வரைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு, திரையில் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினாள், மறுபடி மூடிக்கொண்டது. விண்டோஸைப் புதிதாக இறக்கலாம் என்றால், ஹேச்சரியின் இணைய இணைப்பும் அந்த சர்வர் வழியாகத்தான். போனில் ஒற்றைக் கோடு சிக்னல். சர்வரின் காப்புப் பிரதி, சேலத்தில் இருக்கும் ஹேச்சரியின் தலைமை ஆபீஸில் இருந்தது. அதைக் கொண்டுவந்து ஏற்றி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

"ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் வேணுமுங்கண்ணா" என்றாள்.

அர்த்தநாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். வேறு நாளாக இருந்தால் கேலி பண்ணியிருப்பார்.

சேலம் ஆபீஸில் கேட்டாள். அங்கேயும் அவள்தான் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். எருமப்பட்டியில் ஜெராக்ஸ் கடை பூசணிக்காய் உடைத்து, ஷட்டரில் பட்டை போட்டு, பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் மாமனார் ஊருக்குப் போய்விட்டார். போனில் பிடித்தபோது, "பூச போட்டதுங்க மேடம், நாளைக்குக் காலைல மறுபூச பண்ணாமத் தொடப்படாது. அதுமில்லாம சாவி எங்கிட்ட இருக்குதுங்க" என்றார். பள்ளிக்கூடம் லீவு. அர்த்தநாரி தன் மகனுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவன் பொட்டில நீங்கதான் அழிச்சுட்டீங்களாமா."

ஊரில் இருக்கும் இலவச லேப்டாப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒவ்வொன்றிலும் அவளே நின்று அழிக்கச் சொல்லியிருந்தாள். இப்படிக் கூட ஒரு நாள் வருமா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"பழனியம்மா புள்ளைகிட்ட ஒண்ணு இருக்குதுங்களே" என்றார் அர்த்தநாரி.

"அதுல சுத்தமா இருக்காதுங்க. மொதல்ல கை தூக்குனதே அவதான்."

அந்த நேரம் பார்த்து சரிதாவே வந்து நின்றாள். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள், லீவுக்கு வீட்டில் இருந்தாள். அம்மா சாப்பிட வரவில்லையே என்று சுண்டலும் பொரிகடலையும் தூக்குச்சட்டியில் எடுத்து வந்திருந்தாள். பழனியம்மாள் சர்வர் அறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொட்டுகளையே எல்லோரும் பார்த்துவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் தொட்டதுனாலதானுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

சாரதாமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம் என்று கத்திவிட வாய் திறந்தாள். பழனியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. கூடத்தில் இருந்து ஒருவர் பக்கெட்டில் செத்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பழனியம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

சரிதா தூக்கைக் கீழே வைத்தாள். "என்னுங்க மேடம் வேணும்?"

"விண்டோஸ் வேணும் சாமி. இந்த ஊர்ல ஒண்ணு கூட இல்ல."

சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். துப்பட்டா முனையைத் திருகினாள். கூடத்தின் அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட இருக்குதுங்க மேடம்."

"உன்னதுலதான் அழிச்சாச்சே."

"அழிக்கலைங்க. அன்னைக்குக் கைய மட்டுந்தான் தூக்குனேன்." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "அழிச்சா ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க. புதுப் பொட்டி. அம்மா தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தாங்க. எல்லாரும் அழிக்கறாங்கன்னு நானும் கைய தூக்கிட்டேன். அப்பறம் ஸ்டிக்கர் குடுத்துட்டீங்க. சொல்ல முடியாமப் போச்சு."

சாரதாமணிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வதா, காதைத் திருகுவதா என்று தெரியவில்லை.

"ஓடு, எடுத்துட்டு வா."

சரிதா நகரவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "சரஸ்வதி படத்துக்கு முன்னால வெச்சிருக்குதுங்க. காலைல பூச முடிஞ்சுது. நாளைக்குத்தான் எடுக்கோணும்."

எல்லோரும் பழனியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வீட்டில் சாமிக்கு வைத்த பொருளை மறுநாள் பூஜை ஆகாமல் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. மகள் பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலேயே அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொட விட்டதில்லை. எழுந்து நின்று, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நானே எடுத்துட்டு வாரேன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அர்த்தநாரியின் பைக்கில் பின்னால் ஏறிப் போனாள்.

லேப்டாப் வந்து சேர்ந்தபோது அதன் மூடியில் பென்குயின் ஸ்டிக்கர் மங்கிப் போய் ஒட்டியிருந்தது. பென்குயினின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஓரத்தில் ஒரு சாமந்திப் பூ. சாரதாமணி பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திறந்தாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி தெரிந்தது. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். கீழே இறங்கி அழுத்தினாள்.

பழைய பொட்டி, ஆடி அசைந்து எழுந்தது. பேட்டரி செத்திருந்ததால் ஒயரைச் செருகியே வைக்க வேண்டியிருந்தது. பென் டிரைவைப் போட்டாள். கருவி நிறுவிக்கொள்ள ஆரம்பித்து, பாதியில் நின்றது. சரிதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி நகர்ந்தது. சர்வரையும் லேப்டாப்பையும் ஒரு கேபிளால் இணைத்தாள். ஜன்னல் திறந்தது. சர்வரைத் தேடுகிறேன் என்றது. இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்தன. அன்னியமானவை, சேர்க்கலாமா என்று கேட்டது.

தவறாக அழுத்தினால் எல்லாமே அழிந்துவிடும் என்று பக்கத்திலேயே எச்சரிக்கையும் இருந்தது. படித்தாள், திரும்பப் படித்தாள், அழுத்தினாள்.

சந்தனப் பொட்டுகளுக்கு மேலே சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சர்வர் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் அலாரம் நின்றது. நின்ற பிறகுதான், அத்தனை நேரம் அது எப்படிக் கத்தியது என்று காதுக்குத் தெரிந்தது. "பலகை தொறந்துருச்சுங்கோ" என்று யாரோ அங்கிருந்து குரல் கொடுத்தார்கள். பழனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சுவாமிநாதன் வந்து இறங்கியபோது வாசலில் பக்கெட்டுகள் இருந்தன. குனிந்து பார்த்தார். ஒரு எந்திரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது, மற்றவை தப்பித்தன என்று அர்த்தநாரி சொன்னார். முதலாளி சர்வர் அறைக்கு வந்து, டிஸ்க்குகளில் இருந்த பொட்டுகளைப் பார்த்தார்.

"இதை யாரு தொட்டது?"

பழனியம்மாள் வாயைத் திறந்தாள். சாரதாமணி முந்திக்கொண்டாள்.

"பூட்டி வைக்க வேண்டிய ரூமைத் தொறந்து விட்டுட்டுப் போனது நானுங்க. சரி பண்ற கருவியை இந்தப் பொட்டிக்குள்ளயே ஒளிச்சு வெச்சதும் நானுங்க. வெளிய ஒரு விண்டோஸ் வெச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஒரு குஞ்சும் செத்திருக்காது."

சுவாமிநாதன் லேப்டாப் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தேனுங்களே."

"ஞாபகம் இருக்குதுங்க."

"அப்ப எல்லாத்தையும் பழையபடி மாத்திப்போடலாமுங்களா?"

"அது வேண்டாமுங்க. அந்த வைரஸு திரும்ப வரும்." அவள் சரிதாவின் லேப்டாப்பைக் காட்டினாள். "ஒரே ஒரு விண்டோஸ் மட்டும் எம் மேசை மேல, எல்லாருக்கும் தெரியற மாதிரி வெச்சுக்கறனுங்க. கம்பெனிக்காரன் நம்ம பக்கம் வர்ற வரைக்கும். என்னைப் பத்தி நீங்க எப்பிடிச் சொன்னாலும் சரிங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே பூசணிக்காய் உடைக்க ஆட்கள் காத்திருந்தார்கள். "மொதல்ல பூசைய முடிங்க" என்று திரும்பியவர், வாசலில் நின்று, "மேசைய நல்லா அகலமா வாங்கிக்குங்க. ரெண்டு பொட்டி வைக்கோணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாரதாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். சரிதா லேப்டாப்பை மூடி, பென்குயின் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"பொய் சொல்லி வாங்குனதுங்க மேடம். திருப்பிக் குடுத்தர்றேன்."

சாரதாமணி அவள் கையை விலக்கிவிட்டு, கிளம்பிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். "உள்ள இருக்கறத மட்டும் அழிச்சுறாத சாமி."